பேபி சரோஜாவின் வாய்

1937 தொடக்கத்தில் வெளியான 'பாலயோகினி' படத்தில் ஐந்தாறு வயதுச் சிறுமி ஒருத்தி பெரியவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். சாதி எதற்கு, ஏழை பணக்காரன் என்ற பாகுபாடு எதற்கு என்று வாதாடுகிறாள். கேட்கிற ஊர் மனம் மாறுகிறது. அந்தச் சிறுமி பேபி சரோஜா. படத்தை இயக்கிய கே. சுப்ரமண்யத்தின் தம்பி மகள். படம் ஓடிய ஓட்டத்தில் 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது. பெண் பிறந்த வீடுகளில் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். தமிழ் சினிமாவின் கதையை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தகவல்களையும் தவறாமல் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்த இடத்தைவிட்டு அவ்வளவு சீக்கிரம் நகர மனமில்லை. அத்தனை பெரிய பேச்சை ஏன் ஒரு குழந்தையின் வாயில் வைத்தார்கள்? படத்தில் பெரிய மனுஷிகளே இல்லையா?

இருந்தார்கள். 'பாலயோகினி'யின் கதையே ஒரு பிராமண விதவையைப் பற்றியது. ஆதரவு தரவேண்டிய பெரிய வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரர் முனுசாமியின் வீட்டில் அவள் அடைக்கலம் புகுகிறாள். பிராமணப் பெண் முனுசாமி வீட்டில் இருப்பதா என்று ஊர் கொதிக்கிறது. முனுசாமியின் வீட்டுக்குத் தீ வைக்கப்படுகிறது. இதில் அநியாயம் இழைக்கப்பட்டவள் அந்த விதவை, எரிந்தது முனுசாமியின் கூரை. ஆனால் நியாயம் பேசுகிற வேலை இருவருக்கும் தரப்படவில்லை, குழந்தைக்குத் தரப்பட்டது.

படம் வெளிவந்த பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் புரியும். விதவையாக நடித்த சீதாலக்ஷ்மி நிஜத்திலும் ஒரு பிராமண விதவை. 1937இல் அது சாதாரண விஷயமில்லை. குழந்தையாக இருந்தபோதே கணவனை இழந்த சகோதரி சுப்பலக்ஷ்மி, சென்னையில் பிராமண விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்கவைக்கத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அதற்கே அவர் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. இங்கே ஒரு விதவை காமிராவின் முன்னால் வந்து நிற்கிறாள். தஞ்சாவூர்ப் பக்கத்து வைதிகர்கள் கூடி, சுப்ரமண்யத்தையும் அவரோடு சேர்ந்து படம் எடுத்தவர்களையும் சாதியிலிருந்து விலக்குவதாக அறிவித்தார்கள். படத்திலேயே மிகக் காரமாகச் சாதியைத் தாக்கிப் பேசியது சரோஜா. வசனம் பேசிய குழந்தையை ஊர் கொஞ்சியது. வந்து நின்ற விதவையின் உடல்தான் அதற்குப் பொறுக்கவில்லை.

குழந்தையின் வாயிலிருந்து வந்தால் எந்தப் பேச்சும் மழலையாகிவிடும். கேட்கிறவர் சிரிக்கலாம், கண் கலங்கலாம், "எவ்வளவு சமர்த்து!" என்று வியக்கலாம், பதில் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. அதே வாதத்தை முப்பது வயது விதவை பேசியிருந்தால் அது வாயாடித்தனம், திமிர், நடத்தை சரியில்லாதவளின் பேச்சு. சீர்திருத்தம் பேச ஆசை இருந்தது, பெண் பேசுவதைக் கேட்கத் தைரியம் இல்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் போட ஒரு பெண் குழந்தை தேவைப்பட்டாள்.

அமெரிக்காவிலும் அதே ஆண்டுகளில் அதேதான் நடந்தது என்பதால் 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்ற பட்டத்தை வெறும் விளம்பரம் என்று தள்ள முடியவில்லை. 1935இல் வந்த 'தி லிட்டில் கர்னல்' படத்தில் ஷெர்லி டெம்பிள், கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஆடுவாள். வெள்ளைப் பெண்ணும் கறுப்பு ஆணும் கைகோத்து ஆடுவதைத் திரையில் காட்ட ஹாலிவுட்டுக்கு அவள் ஆறு வயதுக் குழந்தையாக இருக்க வேண்டியிருந்தது. அதையும்கூடத் தென் மாநிலங்களில் வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள். அங்கே நிறக் கோட்டையும் இங்கே தீண்டாமைக் கோட்டையும் தாண்டுவதற்குப் பருவம் எய்தாத பெண் உடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இனத் தூய்மை, சாதித் தூய்மை என்ற பெயரில் காவல் காக்கப்படுவது பெண்ணின் கர்ப்பப்பை. அது இன்னும் விழிக்காத உடல் எங்கே போய் யாரைத் தொட்டாலும் காவல்காரனுக்குப் பெரிய கவலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முனுசாமி வீட்டுப் பிள்ளைகளின் வாயில் யாரும் அந்த வசனத்தை வைக்கவில்லை. வீடு எரிந்தது அவர்களுக்கு. நியாயம் கேட்டது பிராமணக் குழந்தை. சுப்ரமண்யத்தின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை; தன் சாதியே தன்னைத் தள்ளிவைக்கும் அளவுக்குப் படம் எடுத்தவர்கள் அன்றும் இன்றும் குறைவு. ஆனால் அந்தத் துணிச்சலுக்கும் ஓர் எல்லை இருந்தது. ஒடுக்கப்பட்டவரின் குழந்தை கேள்வி கேட்டால் அதைச் 'சமர்த்து' என்று கொஞ்ச, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் தயாராக இருந்திருப்பார்களா?

பெரிய பெண்கள் அந்தக் காலத்தில் பேசவே இல்லை, அதனால் சினிமா குழந்தையைத் தேடிப் போனது என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அது உண்மையில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டது 1936இல். 1938 நவம்பரில் வடசென்னை வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது, ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பெயரை வழங்கியது அந்த மாநாடு. அதையடுத்து இந்தி எதிர்ப்பு மறியலில் இறங்கிய இராமாமிர்தம் அம்மையார், தருமாம்பாள் முதலிய பெண்கள் கைதானார்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போன பெண்களும் உண்டு. ஒற்றைவாடையிலிருந்து கொஞ்ச தூரத்தில், மின்ட் தெருவில்தான் ரகுபதி வெங்கய்யா கட்டிய கிரௌன் தியேட்டர் இருந்தது. நாடகக் கொட்டகையில் பெண்கள் தங்கள் வாயால் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்த அதே வடசென்னையில், சினிமாக் கொட்டகை அந்தப் பேச்சைக் குழந்தைக் குரலில்தான் கேட்க விரும்பியது.

சினிமா எப்போதுமே அப்படி இருந்துவிடவில்லை என்பதற்கு அதே இயக்குநரும் அதே குழந்தையுமே சாட்சி. 1939இல் வந்த 'தியாகபூமி'யைச் சொல்கிறேன். கல்கியின் கதை, 'ஆனந்த விகடன்' அதைத் தொடராக வெளியிட்டுக்கொண்டிருக்கும்போதே, படத்தின் புகைப்படங்களையும் கதையோடு சேர்த்து அச்சிட்டார்கள். சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், அவர் மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலக்ஷ்மி. சாவித்திரியின் மகள் சாருவாக சரோஜா. கணவனாலும் மாமியாராலும் வதைக்கப்பட்டுக் கர்ப்பிணியாகத் திரும்பும் சாவித்திரி, பெற்ற குழந்தையைத் தன் தகப்பன் கையில் சேரும்படி விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். சாரு, தாத்தாவிடம் சென்னையின் ஒரு குப்பத்தில் வளர்கிறாள். வருஷங்கள் கழித்து உமாராணி என்ற பெயரில் பெரும் பணக்காரியாகச் சாவித்திரி திரும்பி வருகிறாள். இப்போது புருஷனுக்கு மனைவி வேண்டியிருக்கிறது. தன்னோடு வாழவேண்டும் என்று வழக்குப் போடுகிறான்.

அந்த நீதிமன்றக் காட்சிக்காகவே 'தியாகபூமி'யைப் பார்க்க வேண்டும். புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கிறது. அவனோடு வாழ முடியாது, வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் சாவித்திரி. பெரிய பெண், தன் வாயால், சபை நடுவே. சாரு இந்தப் படத்தில் ஆடுகிறாள், பாடுகிறாள், பார்க்கிறவர்களைச் சிரிக்க வைக்கிறாள். அம்மாவின் வழக்கை அவள் பேசவில்லை. 'பாலயோகினி'யில் குழந்தைக்குக் கொடுத்த வாயை இரண்டே வருஷத்தில் சுப்ரமண்யம் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு அதிசயம்: ஒரு குழந்தை இருக்கிறது, அதற்காகவாவது சேர்ந்து வாழக் கூடாதா என்ற அந்தப் பழைய தூண்டில் சாவித்திரியை இழுத்துவிடுவதில்லை. பிள்ளை மேல் உயிராக இருக்கிறாள், புருஷனோ வேண்டாம். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம் என்று 1939இல் ஒரு தமிழ்ப் படம் நம்பியிருக்கிறது.

1940இல் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. காரணம் தேசியப் பிரசாரம். தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் கெயிட்டி தியேட்டரில் இலவசமாகக் காட்டினார்கள், கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் தடியடி நடத்தியது என்றெல்லாம் இந்தக் கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சாவித்திரியின் வழக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்த வழக்கோ இன்னும் முடிந்தபாடில்லை. பதினொரு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட ருக்மாபாய், கணவனோடு வாழ மாட்டேன் என்று பம்பாய் நீதிமன்றத்தில் நின்றது 1880களில். அதே 'சேர்ந்து வாழும் உரிமை', 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவாக உட்கார்ந்துகொண்டது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கில் எதிர்த்து நின்றவர் ஒரு நடிகை, சரிதா. பதினாறு வயதில் நடந்த திருமணம் பற்றியது அது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தப் பிரிவு செல்லும் என்று நிலைநிறுத்திவிட்டது. அந்த வழக்கின் பெயர் சரோஜ் ராணி எதிர் சுதர்சன் குமார் சட்டா. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். இருந்தாலும் படிக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்திவிடுகிறது.

சாரு செய்யாத வேலையைப் பிறகு வந்த குழந்தைகள் செய்தார்கள். 1965இல் ஏவி.எம். எடுத்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினிக்கு இரட்டை வேடம். ஹாலிவுட்டின் 'பேரண்ட் டிராப்' கதையைத் தழுவிய படம். பிரிந்து வாழும் அப்பா அம்மாவை இரட்டைப் பெண்கள் சேர்த்துவைப்பார்கள். குட்டி பத்மினியின் நடிப்பைக் குறைசொல்ல எதுவுமில்லை. இரண்டு பிள்ளைகளையும் தனித்தனி மனுஷிகளாக நமக்குக் காட்டிவிடுகிறாள். ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் குழந்தையின் வாய் என்ன பேசத் தொடங்கியிருக்கிறது பாருங்கள்: ஊரின் சாதியைக் கேட்ட வாய் இப்போது அம்மாவை அப்பாவிடம் அழைத்துப் போகிறது. மூன்று வருஷம் கழித்து 'குழந்தைக்காக' வந்தது. அதில் நடித்த பேபி ராணிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தக் குழந்தை திருத்த வேண்டியிருந்தது குற்றவாளிகளை. 1990இல் 'அஞ்சலி' வரும்போது, ஷாமிலி நடித்த அந்தக் குழந்தைக்குப் பேச்சே அநேகமாக இல்லை; அவளைச் சுற்றியிருக்கிறவர்களின் மனம்தான் இளக வேண்டும். விதிவிலக்குகள் இருக்கலாம். ஆனாலும் பேபி சரோஜாவுக்குப் பிறகு தமிழ்த் திரையின் பெண் குழந்தை ஊரோடு வழக்காடியதைவிட வீட்டைத் தைத்துக் கொடுத்ததுதான் அதிகம். தாலி, பிள்ளை என்ற இரண்டு முடிச்சில் இரண்டாவதை இறுக்கிப் போட்டவர்கள் இந்தக் குட்டி நட்சத்திரங்கள்.

இதுவரை பேச்சைப் பற்றிச் சொன்னேன். உழைப்பைப் பற்றிச் சொல்லாமல் ஒரு குழந்தை நட்சத்திரத்தைப் பற்றி எழுதி முடிக்கக் கூடாது. குழந்தை என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. அவள் பேசியது பேச்சாகத் தெரியவில்லை. அவள் செய்தது வேலையாகத் தெரியவில்லை. விளக்குச் சூட்டில் நின்று, வசனம் மனப்பாடம் செய்து, ஆடி, பாடி, அழச் சொன்னபோது அழுதவள் "விளையாடினாள்" என்று ஆகிவிட்டது.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று சரோஜாக்கள். அடையாளத்துக்காகக் கூடை சரோஜா, டீச்சர் சரோஜா, மாடி வீட்டு சரோஜா என்போம். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் முந்தைய தலைமுறையில் ஒரு சரோஜாவாவது அகப்படுவார். எல்லோருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பெயர் ஒரு காற்று மாதிரி வந்து பரவியிருக்கிறது. மீன் கூடையோடு அம்மா பின்னால் நடந்தவர்கள், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள், இறால் உரித்தவர்கள் என்று இந்தப் பக்கத்துச் சரோஜாக்கள் பலரும் பத்து வயதுக்குள் கை வேலை தெரிந்தவர்கள். அவர்கள் உழைப்பையும் யாரும் உழைப்பு என்று சொன்னதில்லை. "அம்மாவுக்கு ஒத்தாசை" என்பார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு சுவடு இருக்கிறது. 'பாலயோகினி'க்கும் 'தியாகபூமி'க்கும் நடுவில், 1938இல், பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பற்றிய சட்டம் வந்தது. ரயில்வேயிலும், துறைமுகத்தில் சரக்குக் கையாளும் வேலையிலும் பதினைந்து வயது நிறையாத பிள்ளைகளை வைக்கக் கூடாது. பீடி, தீப்பெட்டி, தோல் பதனிடுதல் போன்ற பட்டறைகளில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கூடாது. ராயபுரத்துக் கப்பல் சரக்கும் திருவொற்றியூர்த் தீப்பெட்டியும் அறிந்த எங்களுக்கு இந்தப் பட்டியல் எங்கள் ஊர் விலாசம் மாதிரி இருக்கும். பட்டியலில் சினிமா இல்லை. அதைவிட முக்கியம், வெளியாளைக் கூலிக்கு வைக்காமல் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்து ஒருவர் பட்டறை நடத்தினால் அதற்கு விலக்கு. குடும்பம் என்று வந்துவிட்டால் சட்டம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிடும்.

சரோஜாவும் ஒரு விதத்தில் குடும்பப் பட்டறையின் பிள்ளைதான்: இயக்கியவர் பெரியப்பா. அந்த வீடு அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் வீடு நல்ல வீடாக அமைவது அதிர்ஷ்டம், உரிமையில்லை. ஷெர்லி டெம்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ அவருக்கு ஒரு வயதைக் குறைத்துச் சொல்லி வைத்திருந்தது. தன் உண்மையான வயதையே அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார். 32 லட்சம் டாலர் சம்பாதித்த கணக்கில் தனக்கென்று மிஞ்சியது சுமார் 44,000 டாலர் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதினார். சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தன் சம்பாத்தியம் எங்கே என்று தாயின் மீதும் மாற்றாந் தந்தையின் மீதும் 1938இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அதன் விளைவாக, குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்லும் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது, 'தியாகபூமி' வந்த அதே 1939இல்.

பணம் ஒரு பக்கம். பார்வை இன்னொரு பக்கம். 'பாலயோகினி' வந்த 1937இல் லண்டனில் எழுத்தாளர் கிரஹாம் கிரீன் ஷெர்லி டெம்பிள் படம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதினார். இந்தக் குழந்தையை ரசிக்கும் நடுவயது ஆண்கள் உண்மையில் எதை ரசிக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. அவர் எழுதிய விதத்தில் எனக்கும் உடன்பாடில்லை. பார்க்கிறவனைச் சாடுகிறேன் என்று குழந்தையின் உடலைத்தான் அவர் பேனா சுற்றிச் சுற்றி வருகிறது. ஸ்டூடியோ அவதூறு வழக்குப் போட்டு 3,500 பவுண்டு வாங்கியது. கேள்வி பார்க்கிற ஆணைப் பற்றியது, வழக்கோ குழந்தையின் மானத்தைப் பற்றியதாக மாறிப்போனது. பார்த்தவனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

சென்னையில் கூண்டுவரைகூட வராத கதை ஒன்று உண்டு. 1957இல் 'யார் பையன்' படத்தில் தமிழ் ரசிகர்களைக் கொள்ளைகொண்ட அந்தப் 'பையன்' டெய்சி இரானி என்ற சிறுமி. பம்பாயிலும் அவருக்குப் பையன் வேடங்கள்தான் அதிகம். அதே காலத்தில் ஏவி.எம்.மின் 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' படப்பிடிப்புக்காகச் சென்னை வந்திருந்தபோது, தனக்குக் காவலாக அனுப்பப்பட்ட ஆளே தன்னை வன்புணர்வு செய்தான், அப்போது தனக்கு ஆறு வயது என்று 2018இல் அவர் பொதுவெளியில் சொன்னார். மறுநாள் எதுவும் நடக்காததுபோலப் படப்பிடிப்புக்குப் போனதையும் சொன்னார். அறுபது வருஷம். திரையில் மணி மணியாக வசனம் பேசிய குழந்தைக்குத் தன் வலியைச் சொல்ல ஒரு வாயும் கேட்க ஒரு காதும் இருக்கவில்லை. அந்தப் படங்களை இப்போது பார்க்கும்போது எனக்கு அவருடைய வசனங்கள் காதில் விழுவதே இல்லை.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழே எல்லா வேலையையும் தடை செய்துவிட்டு, இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தது: பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம், சினிமா, தொலைக்காட்சி, விளம்பரத்தில் நடிக்கலாம். அடுத்த ஆண்டு விதிகள் வந்தன. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். நல்ல விதிகள். நடிக்கிற பிள்ளையின் உழைப்பு உழைப்புதான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள எண்பது வருஷம் ஆகியிருக்கிறது. முதல் கதவுக்குள் நிற்கும் பிள்ளைக்கு, அதாவது வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பிள்ளைக்கு, 20 சதவீதக் கணக்கு எதுவும் கிடையாது. சின்னத்திரைப் பாட்டுப் போட்டிகளிலும் ஆட்டப் போட்டிகளிலும் நடுவர்கள் முன்னால் விசும்பும் பெண் பிள்ளைகளைப் பார்க்கும்போது, கைக்கடிகாரத்தை யாராவது பார்க்கிறார்களா என்றுதான் யோசிக்கிறேன்.

சரோஜாவின் சினிமா வாழ்க்கை நீண்டது இல்லை. 1941இல் நந்தலால் ஜஸ்வந்த்லால் இயக்கிய 'காமதேனு'வோடு அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது பத்து. பெண் குழந்தை நட்சத்திரத்துக்குப் பத்து வயது என்பது ஒரு முச்சந்தி. பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்த சாரதா சட்டம் அமலுக்கு வந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆடிய கால் வீட்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது மேடைக்குப் போக வேண்டும், அல்லது கதாநாயகி ஆக வேண்டும். மேடை வழியாகப் போனவர் கமலா. பேபி கமலாவாகச் சினிமாவுக்கு வந்து, குமாரி கமலாவாக 1947இல் 'நாம் இருவ'ரில் பாரதி பாட்டுக்கு ஆடி, நடனத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். தேவதாசிப் பெண்கள் ஆடியபோது இழிவாக இருந்த ஆட்டம், பிராமணப் பெண் குழந்தைகள் ஆடத் தொடங்கியபோது கலாசாரமாகிவிட்டதில் இந்தப் 'பேபி'களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது தனியாக எழுத வேண்டிய கதை.

மூன்றாவது வழி எப்படி இருக்கும் என்று ஸ்ரீதேவி காட்டினார். நாலு வயதில் வந்தவர். 'துணைவன்' படத்தில் முருகனாக நின்ற குழந்தை. 1976இல் 'மூன்று முடிச்சு' வெளியானபோது அவருக்கு வயது பதிமூன்று. அதில் அவர் நடுவயது மனிதர் ஒருவருக்கு மனைவியாகி, ரஜினிகாந்துக்குச் சித்தியாகிறார். அந்தப் படத்தைப் புரட்சி என்று எழுதியவர்கள் யாரும் அந்தப் பெண்ணின் வயதை எழுதவில்லை. நேற்றுவரை குழந்தை என்பதால் அவள் உழைப்பு கண்ணில் படவில்லை. இன்று கதாநாயகி என்பதால் அவள் குழந்தை என்பது கண்ணில் படவில்லை. நடுவில் ஒரு நாள்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

சரோஜா முதல் வழியில் போனார். திருமணம், குடும்பம், சினிமாவோடு தொடர்பில்லாத நீண்ட வாழ்க்கை. அதை ஒரு நஷ்டம் என்று நான் எழுத மாட்டேன். அவர் விரும்பியே அப்படி வாழ்ந்திருக்கலாம், வாழ்வதற்கு அது ஒரு கௌரவமான விதம்தான். சினிமாவுக்கு அது நஷ்டம். 'பாலயோகினி'யின் சிறுமி வளர்ந்து முப்பது வயதில் அதே கேள்விகளைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒருவரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை. 2019இல், எண்பது வயதைத் தாண்டியவராக அவர் இறந்துபோனார். அப்போதும் சினிமாக்காரர்களுக்கு அவர் பேபி சரோஜாதான்.